உஷார்! கரையில் ஆடாத படகு

முன்னால் ஒன்றரை அடி, பின்னால் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டு நின்றது. மைவி காரின் கூரையில் 16 அடிக் கேனோவை ஏற்றிக் கட்டினால் வேறு எப்படி நிற்கும்? கயிறு போதாமல், அக்கா துணி காயப்போடும் கொடியையும் அவிழ்த்துச் சுற்றியிருந்தான் என் மருமகன். ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்பார்கள். அந்த நாள் இன்றைக்குத்தான் போல என்று நினைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன்.

"எப்படி மாமா? செபராங் பக்கம் ஒருத்தர்கிட்ட வாங்கினேன். 700 வெள்ளிதான். கைப்பேசியில விளம்பரம் பார்த்த அன்னிக்கே பணத்தக் கட்டிட்டேன்."

"ஓட்டிப் பார்த்தியா?"

"தரையில வச்சு, உள்ள நின்னு குதிச்சுப் பார்த்துட்டேன். அசையவே இல்ல. இப்படியே பத்து ஃபிரிங்கிக்குப் போயிடலாம் லா மாமா."

தரையில் வைத்துக் குதித்தால் சோற்றுப் பானைகூடத்தான் அசையாது. அந்த ஒரு பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பள்ளி விடுமுறை வந்தால் பினாங்குத் தீவில் எத்தனை கார்க் கூரைகளில் இப்படிப் படகு ஏறுகிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு மருமகன் இருப்பான். அவன் விளம்பரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதைப் படிக்கக் கொடுத்துவிடுங்கள்.

அவனைப் பத்து ஃபிரிங்கிக்கு விடவில்லை. தஞ்சோங் பூங்காவில், மிதக்கும் பள்ளிவாசலுக்கு இந்தப் பக்கம், இடுப்பளவு தண்ணீரில் படகை இறக்கினோம். காலை எட்டு மணி. கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கிடந்தது. முன்னால் அவன், பின்னால் நான். நடுவில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக், ஒரு தண்ணீர்ப் போத்தல். உட்கார்ந்ததுமே எனக்கு ஏதோ இடறியது. என் முழங்கால் படகின் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து இருக்கையின் அடியைப் பார்த்தேன். முதுகு வலிக்காமல் இருக்கட்டும் என்று பழைய சொந்தக்காரர் செய்த கைவேலை தெரிந்தது. தொங்கலாக இருந்த இருக்கையைக் கழற்றிவிட்டு, அரை அடி உயரத்துக்கு மரக்கட்டை கொடுத்து, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் உட்காரும் பகுதியை நான்கு திருகாணி போட்டு இறுக்கியிருந்தார். துருப்பிடித்த திருகாணிகள். "டேய், இந்த இருக்கை..." என்று சொல்லிக்கொண்டே கரை எவ்வளவு தூரம் என்று திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான். மீதி வாக்கியத்தைத் தண்ணீருக்குள் சொன்னேன்.

இடுப்பளவு ஆழம்தானே, எழுந்து நின்று சிரித்தோம். சிரிப்பு ஒரு நிமிடம்தான். படகு விளிம்புவரை நிரம்பி, ஊறப்போட்ட துணிபோலக் கிடந்தது. கவிழ்த்துக் கொட்டிவிடலாம் என்று இருவரும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அசையவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இந்த அளவுக் கேனோ நிரம்பினால் உள்ளே நிற்பது பல நூறு லிட்டர். இரண்டு ஆம்பிளைகள், காலுக்குக் கீழே கெட்டியான மணல், அலையே இல்லாத காலை. அப்படியும் அதைக் கரைக்கு இழுத்து, சாய்த்து, போத்தலை வெட்டி இறைத்து முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. நாசி லெமாக் பொட்டலங்கள் மட்டும் ஒழுங்காக மிதந்து, மெல்ல வெளிக்கடல் பக்கம் கிளம்பிவிட்டிருந்தன. அவை போன திசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இதே கூத்து கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, காலுக்குத் தரை எட்டாத இடத்தில் நடந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

படகு வாங்கப் போகிறவர் எல்லாரும் கேட்கும் கேள்வி, "கவிழுமா?" விற்கிறவர் எல்லாரும் சொல்லும் பதில், "கவிழவே கவிழாது." இருபது வருடமாகச் சனிக்கிழமைகளில் துடுப்புப் போடுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியே தப்பு. கவிழாத சிறுபடகு என்று உலகத்தில் ஒன்று இல்லை. கேட்க வேண்டியது இது: "கவிழ்ந்த பிறகு, ஆழத் தண்ணீரில், யார் கையும் இல்லாமல், இதில் நான் திரும்ப ஏறி உட்கார முடியுமா?" இதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஏன் கவிழ்கிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் விளம்பரத்தில் உள்ள "நல்ல அகலம்" என்ற இரண்டு சொல்லில் விழுந்துவிடுவோம். அகலம் முக்கியம்தான். அகலக்கால் வைக்காதே என்பது கடன் வாங்குகிறவனுக்குச் சொன்னது, படகுக்கு அகலக்கால்தான் வேண்டும். தண்ணீரைத் தொடும் இடத்தில் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள படகையும், அதே நீளத்தில் 75 சென்டிமீட்டர் அகலமுள்ள படகையும் எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் வித்தியாசம் கால் பங்குதான். ஆனால் சாய்ந்த படகை நிமிர்த்தும் வலு அகலத்தின் மும்மடிக் கணக்கில் ஏறுவதால், இரண்டாவது படகுக்கு அந்த வலு ஏறக்குறைய இரட்டிப்பு. நான்கு விரல் அகலம் கூடினாலும் குறைந்தாலும் இடுப்புக்குத் தெரிந்துவிடுவது இதனால்தான். பந்தயக் கயாக்குகளைப் பாருங்கள், உட்காருகிறவரின் இடுப்பைவிடக் கொஞ்சம்தான் அகலம். அதில் புதியவர் ஒருவரை உட்கார வைத்தால் துடுப்பைத் தண்ணீரில் வைக்கும் முன்பே குளித்துவிடுவார். கடற்பயணத்துக்கான நீளக் கயாக்குகள் 55, 60 சென்டிமீட்டர். புதியவர்களுக்கென்று செய்யப்படுபவை 75 முதல் 85 வரை. கேனோ இன்னும் கொஞ்சம் அகலம், 85-க்கு மேல் போகும்.

இவ்வளவு அகலமுள்ள கேனோ எங்களை ஏன் கவிழ்த்தது? இங்கேதான் அந்த நாற்காலி வருகிறது. படகுக் கடை எதிலாவது நின்றிருந்தால் கவனித்திருப்பீர்கள், படகின் எடை 25, 30 கிலோ. அதில் ஏறுகிற நானோ 82 கிலோ. அப்படியானால் அந்த மொத்தச் சுமையின் மையம் எங்கே இருக்கும்? படகில் இல்லை, என் தொப்புளுக்குப் பக்கத்தில். இருக்கையை அரை அடி உயர்த்தினால் அந்த மையமும் கூடவே ஏறுகிறது. அகலம் கொடுத்த லாபத்தை உயரம் வட்டியோடு பிடுங்கிக்கொள்கிறது. கேனோவைக் காலங்காலமாக ஓட்டிய மக்கள் முழங்காலிட்டு ஓட்டினார்கள் என்றால் அது சாமி கும்பிடும் பக்தி இல்லை, எடையைத் தரையோடு வைக்கும் புத்தி. கயாக்கில் காலை நீட்டி, ஏறக்குறைய தண்ணீர் மட்டத்திலேயே உட்காருவதும் அதற்காகத்தான். பயம் வந்தால் எழுந்து நிற்கிறோமே, அதுதான் மனிதனுக்கு உள்ள பெரிய கோளாறு. படகில் பயம் வந்தால் உட்கார வேண்டும். இன்னும் பயம் வந்தால் படுக்க வேண்டும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்தபோதுதான் அந்த இரண்டடுக்குப் படகு சாய்ந்தது. அத்தனை பெரிய படகுக்கே ஒரு பக்கம் கூடிய கூட்டம் போதுமானதாக இருந்தது. நம் கேனோவுக்கு என் ஒரு கழுத்துத் திருப்பல் போதாதா?

அடுத்த ஏமாற்று, தட்டை அடி. தாம்பாளத்தைத் தண்ணீரில் வையுங்கள், அசையாமல் நிற்கும். கொட்டாங்கச்சியை வையுங்கள், தொட்டால் ஆடும். கடைக்காரர் தாம்பாளத்தைத்தான் காட்டி விற்பார், ஏனென்றால் கடையில் அலை இல்லை. இப்போது பக்கவாட்டில் ஒரு அலை வரட்டும். தட்டை அடி தண்ணீர்ப் பரப்போடு ஒட்டிக்கொண்டே போகும். பரப்பு சாய்ந்தால் படகும் அதே அளவு சாயும், ஓர் எல்லை தாண்டினால் முன்னறிவிப்பே இல்லாமல் ஊற்றிவிடும். கொட்டாங்கச்சிபோல் மெல்லிய வளைவுள்ள அடியோ முதலில் லேசாக ஆடிப் பயமுறுத்தும், சாயச் சாய இறுகிப் பிடித்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடத்து நிம்மதியைப் பார்த்து வாங்குகிறவர்கள் தாம்பாளத்தை வாங்குகிறார்கள். குளத்துக்கு அது போதும். கடலுக்கு, லேசாக ஆடுகிற படகையே எடுங்கள் என்பேன். இதைச் சொன்னதும் மருமகன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

இன்னொன்று. இருவர் கேனோவில் ஒருவர் மட்டும் ஏறிப் பின் இருக்கையில் உட்காருவது. பார்த்திருப்பீர்கள், அணியம் வானத்தைப் பார்க்கும், அமரம் முங்கிக் கிடக்கும். படகின் அகலமான நடுப்பகுதி பாதி தண்ணீரைவிட்டு எழும்பிவிடுவதால், உண்மையில் நீங்கள் உட்கார்ந்திருப்பது குறுகலான வால் பகுதியில். தூக்கி நிற்கும் மூக்கைக் காற்று பிடித்துத் திருப்பும். தனியாகப் போவதென்றால் நடுவுக்கு வாருங்கள், இல்லையேல் முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து படகைப் பின்புறமாக ஓட்டுங்கள்.

சரி, கவிழ்ந்தாயிற்று. இப்போதுதான் நம் முன்னோர் கட்டுமரம் கை கொடுக்கிறது. ஆங்கிலக்காரன் நம்மிடமிருந்து அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு போய் இரட்டை உடல் படகுக்கு வைத்துவிட்டான், அது வேறு கதை. அசல் கட்டுமரத்தில் உட்புறம் என்று ஒன்றே கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கட்டினது, அவ்வளவே. அலை மேலே ஏறும், இடுக்கு வழியே இறங்கும். நிரம்புவதற்கு இடமில்லாத படகு எப்படி மூழ்கும்? கவிழ்ந்தாலும் மீனவர் பிடித்துக்கொண்டு திரும்ப ஏறிவிடுவார். இன்று கடைகளில் மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக் விற்கிறார்களே, மூடிய உடலும், உட்காரும் குழியில் தண்ணீர் வடிய ஓட்டைகளும் உள்ளது, அது அந்தக் கட்டுமரத்தின் பிளாஸ்டிக் பேரன். பார்வைக்குக் கழுவும் தொட்டிபோல் இருக்கும், அழகில்லை, வேகமில்லை, உட்கார்ந்தால் பின்புறம் நனையும். ஆனால் கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு, குறுக்கே வயிற்றைப் போட்டு, கால்களை உதைத்து ஏறி, திரும்பி உட்கார்ந்துவிடலாம். இறைக்க ஒரு சொட்டு இல்லை. பினாங்குக் கடலுக்குப் புதியவர் ஒருவர் என்ன வாங்கலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், யோசிக்காமல். திறந்த கேனோ அணைக்கும் ஆற்றுக்கும் அருமையான படகு. நம் கடலில் அது ஒரு பெரிய வாளி.

நம் கடல் என்றேன். அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படகு மட்டும் தனியாகக் கவிழ்வதில்லை.

பத்து ஃபிரிங்கி, தெலுக் பஹாங், தஞ்சோங் பூங்கா எல்லாம் தீவின் வடக்குக் கரை. முதுகுக்குப் பின்னால் மலை. காலையில் மலையிலிருந்து கடலை நோக்கி ஒரு மெல்லிய காற்று இறங்கும். மலாய் மீனவர்கள் அதை அங்கின் டாராட் என்பார்கள், தரைக்காற்று. அது கரையோரத் தண்ணீரைத் தொடாமல், கொஞ்சம் தள்ளித்தான் இறங்குகிறது. அதனால் கரையில் நிற்கிறவருக்குக் கடல் கண்ணாடி. போகப் போகத் துடுப்பு லேசாகிறது. "நல்லா ஓட்டுறேனே" என்று தோன்றும். ஓட்டுவது காற்று. திரும்பும்போதுதான் கணக்கு தெரியும். எங்கள் நாசி லெமாக் பொட்டலங்கள் போன திசை அதுதான்.

இதோடு சுமத்ரா என்று ஒன்று இருக்கிறது. மலாக்கா நீரிணையில் கிளம்பி, பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், விடியலுக்கு முன்போ காலையிலோ வரிசை கட்டி வரும் இடிமழைக் காற்று. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். அது தென்மேற்கிலிருந்து வருவதால் வடக்குக் கரையில் நிற்கிறவர் கண்ணுக்கு மலை மறைத்துவிடும். மேகம் மலைக்கு மேலே தலை காட்டும்போது உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வந்தால் எந்தப் பக்கம் தள்ளும்? கடல் பக்கம். புதியவர் ஒருவர் மணிக்கு நான்கு, ஐந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் துடுப்புப் போட மாட்டார். காற்றோடு பேரம் பேசவே முடியாது. மெட்மலேசியாவின் மைசுவாச்சா செயலி கைப்பேசியில் இலவசம். எச்சரிக்கை எல்லாம் அதில் வரும். மழை வருமா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல் காற்று எந்தத் திசை, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள்.

கிழக்குக் கரை வேறு ரகம். ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில் உள்ள நீரிணை மூன்று கிலோமீட்டர் சுமார்தான். எதிர்க்கரை கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும், அதுதான் ஆபத்து. ஃபெரி, ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும் உல்லாசக் கப்பல், இழுவைப் படகு, நங்கூரமிட்ட தொங்கான் எல்லாம் அந்த இடுக்கில். போதாததற்கு ஓதம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை திசை மாறி அந்த வாய்க்கால் வழியே இழுக்கிறது.

2010 ஜனவரியில் அங்கே நடந்ததைப் பினாங்குக்காரர் யாரும் மறக்க மாட்டார்கள். சுங் லிங் உயர்நிலைப்பள்ளியின் டிராகன் படகுக் குழு ஜார்ஜ்டவுன் கரைக்கடலில் பயிற்சியில் இருந்தபோது படகு ஓர் இழுவைப் படகில் மோதிக் கவிழ்ந்தது. மாணவர்கள் ஐந்து பேர், ஆசிரியர் ஒருவர், ஆறு உயிர்கள். அந்தக் குடும்பங்களின் துக்கத்தைக் கிளற இதைச் சொல்லவில்லை. டிராகன் படகு 12 மீட்டருக்கு மேல் நீளம், அகலமோ ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். நீளமும் ஆள்பலமும் ஒழுங்கும் உள்ள படகுக்கே அந்தத் தண்ணீரில் அந்தக் கதி என்றால், ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கேனோவுக்கு?

நங்கூரமிட்ட கப்பல் சும்மாதானே நிற்கிறது என்று பக்கத்தில் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது நிற்கிறது, தண்ணீர் நிற்கவில்லை. ஓட்டம் கப்பலின் மேல் மோதி அடியில் புகுந்து போகிறது. உங்கள் படகை அது கப்பலோடு பக்கவாட்டில் ஒட்டவைக்கும். இடித்துவிட்டோமே என்று உடம்பு தானாகக் கப்பலைவிட்டு விலகிச் சாயும், அதாவது ஓட்டம் வரும் பக்கம். அந்தப் பக்க விளிம்பு ஒரு விரல் தாழ்ந்தால் போதும், தண்ணீர் ஏறி மிதித்துவிடும். அப்படி ஒட்டிக்கொண்டால் கப்பலைக் கட்டிப்பிடிப்பதுபோல் அதன் பக்கமே சாய வேண்டும். அதைவிட, நங்கூரமிட்ட எதற்கும் ஓட்டம் வந்து மோதும் பக்கம் போகவே கூடாது. பாலத் தூண்களுக்கும், மீனவர் ஊன்றிய கம்பங்களுக்கும் இதே விதி.

ஓதத்தைக் கணிக்கச் செயலி இல்லையென்றாலும் நமக்கு ஒரு வழி உண்டு. சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம், ஆகவே ஓட்டமும் வேகம். தைப்பூச விடுமுறை பௌர்ணமியை ஒட்டி வருகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்; தண்ணீர்மலையில் காவடி பார்த்த மறுநாள் நாலு பேர் சேர்ந்து படகு எடுப்பது நம் இளைஞர் வழக்கம். மாசி மகத்தன்று தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயில்காரர்கள் கடலில் விளக்குத் தெப்பங்களை விடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் அங்கே சாமி கும்பிட்ட பிறகு செய்யும் வேலை, அந்த விளக்குகள் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகின்றன என்று பார்ப்பது. ஒரு பூவை எறிந்து இரண்டு நிமிடம் பார்த்தாலும் அதே தகவல் கிடைக்கும். ஏற்றத்தின் மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் நகர்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் நீரிணைப் பக்கம் போகாதீர்கள். கர்னி டிரைவ் பக்கமோ வற்றின நேரத்தில் வேறு தொல்லை, படகு சேற்றில் உட்காரும், இறங்கினால் கால் முழங்கால்வரை போகும்.

ஓட்டத் தெரிந்தவர்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை. 2019 ஆகஸ்டில் ஜொகூர் மெர்சிங் கடலில், சிங்கப்பூரிலிருந்து வந்த குழுவிலிருந்து ஒரே கயாக்கில் இருந்த இருவர் பிரிந்துபோனார்கள். இருவருமே உயிருடன் திரும்பவில்லை.

வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். மலிவாக வந்தால் பழைய பிளாஸ்டிக் கயாக் தப்பே இல்லை, நானும் பழையதுதான் வைத்திருக்கிறேன். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வெளுத்து, நகத்தால் கீறினால் மாவுபோல் உதிரும். அப்படி உதிர்ந்தால் வேண்டாம். வடிகால் ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவுங்கள், கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். தூக்கிக் குலுக்கினால் உள்ளே சலசல என்று சத்தம் வந்தால், உடலுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, எங்கேயோ ஒழுகுகிறது. உள்ளே புகுந்த தண்ணீர் படகு சாயும் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். திறந்த கேனோ என்றால் இரு முனைகளிலும் மிதவை அறை இருக்க வேண்டும், யாராவது அதை ஓட்டை போட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்களா பாருங்கள். இருக்கையை உயர்த்தியிருந்தால் கழற்றி எறியுங்கள். தாங்கும் எடை என்று ஒட்டியிருக்கும் எண் உங்கள் எடை, சாமான், தண்ணீர், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து. என் கணக்கு, அதில் முக்கால் பங்கைத் தாண்டாதே. சுமை ஏற்றி மிதக்கவிட்ட பிறகு கேனோவின் விளிம்பு தண்ணீருக்கு மேலே அரை அடியாவது நிற்க வேண்டும். காற்றடித்துப் பயன்படுத்தும் விளையாட்டுப் படகுகளைப் பற்றி எழுத மாட்டேன், அவை நீச்சல் குளத்துச் சாமான். பலூனைக் காற்று கேட்டுவிட்டா தள்ளும்?

பணம் கொடுக்கும் முன் இடுப்பளவு தண்ணீரில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஓட்டிப் பார்ப்பது என்றால் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்ப்பது. அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள். வாடகைக்கு எடுத்தாலும் இதே. "சும்மா ஓட்டுங்க, கவிழாது" என்று துடுப்பை நீட்டுகிறவரைவிட, "முதலில் கவிழ்ந்து ஏறிக் காட்டு" என்று முரட்டுத்தனமாகச் சொல்கிறவர் நல்லவர்.

மிதவைச் சட்டை பற்றி ஒரே பேச்சு. 50 நியூட்டன் என்று போட்டிருப்பது நீந்தத் தெரிந்தவருக்கு, கரையோரத்துக்கு. நீந்தத் தெரியாதவருக்கு 100. போட்டு இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து ஒருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள், சட்டை காதுவரை ஏறினால் தண்ணீரில் அது உங்களைவிட்டுத் தனியாக மிதக்கும். இருக்கைக்கு அடியில் வைத்திருப்பது சட்டையே இல்லை. கழுத்தில் ஒரு விசில், நீர் புகாத உறையில் கைப்பேசி, 999. பினாங்குத் தண்ணீரில் பெட்டி ஜெல்லிமீன் உண்டு, கவிழ்ந்தால் நீங்கள்தான் அதன் வீட்டுக்குப் போகிறீர்கள். முழுக்கைச் சட்டை, முழுக்கால் இறுக்க உடை போடுங்கள், காரில் ஒரு போத்தல் வினிகர் இருக்கட்டும். கவிழ்ந்தால் படகைவிட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள். மிதக்கும் படகு தேடுகிறவர் கண்ணுக்குத் தெரியும், தனித் தலை தெரியாது.

மருமகன் இப்போது ஒரு பழைய மஞ்சள் கயாக் வாங்கியிருக்கிறான், 80 சென்டிமீட்டர் அகலம், அசிங்கமான மஞ்சள். மூன்று சனிக்கிழமை அதை நான் ஓட்டவே விடவில்லை, கவிழ்த்துக் கவிழ்த்து ஏற மட்டும் விட்டேன். முதல் நாள் ஏழு தடவை விழுந்து இரண்டு தடவை ஏறினான். வயிற்றுத் தோல் உரிந்துபோய் அக்காவிடம் எனக்குத் திட்டு. மூன்றாவது வாரம் கண்ணை மூடிக்கொண்டு ஏறினான்.

அந்தப் பழைய கேனோவை விற்க விளம்பரம் போட்டிருந்தான். நாற்காலியைக் கழற்றி, பழைய இருக்கையைப் போட்டு, "அணை, குளம் மட்டும். கடலுக்கு ஆகாது" என்று எழுதியிருந்தான். இரண்டு வாரம் ஒருவரும் கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை ஒரு பையன் கூப்பிட்டானாம், குரலைப் பார்த்தால் பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்குமாம்.

"என்ன கேட்டான்?"

"விலை கேட்கல மாமா. 'அண்ணே, நல்ல அகலமா? நாளைக்குக் காலையில பசங்க நாலு பேரு, பத்து ஃபிரிங்கிலேர்ந்து குரங்குக் கடற்கரைக்குப் போறோம்'னான்."

"நீ என்ன சொன்ன?"

"வித்துப்போச்சுன்னுட்டேன்."

படகு அக்கா வீட்டு முன்வாசலில் சுவரோரம் கவிழ்ந்து கிடக்கிறது. கொடிக்கயிறு திரும்பக் கட்டியாயிற்று. அந்தப் பையன் இந்நேரம் வேறு விளம்பரம் பார்த்துக்கொண்டிருப்பான்.